எழுநூறு பேரின் இரண்டாவது பிரதி

இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் ஆசிரியை கோகிலா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, காலையில் கொழுந்து பறித்து, கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, றப்பர் பால்வெட்டும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்த தோழர்களே, எஹலியகொடையிலே கடையைச் சாத்திவிட்டு மலையேறி வந்த முஸ்லிம் சகோதரர்களே, பின்னால் நின்று "சுருக்கமாகப் பேசு" என்று கண்ணாலேயே கட்டளையிடும் இளைஞர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் அழகமுத்துவின் அன்பு வணக்கம்.

நான் கீழே, ஆற்றோரப் பிறப்புப் பதிவுக் கந்தோரில் கணினி இயக்குபவன். இன்று திறந்து வைத்திருக்கும் இந்த மேட்டு அறையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசத்தான் என்னை அழைத்தார்கள். பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றவாளியை நீங்கள் தேட வேண்டாம், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால்தான் நிற்கிறான்.

தோட்டத்து லயத்து ஒற்றை அறையிலே பிறந்து, எந்தப் புத்தகத்திலும் பதியப்படாமல் போன பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்? பதிவு இல்லை என்றால் பிறப்பு அத்தாட்சி இல்லை. அத்தாட்சி இல்லை என்றால் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லை என்றால் நீ யார் என்று கேட்பவனுக்குப் பதில் இல்லை. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டிலே, விட்டுப்போன பிறப்பைப் பதிவதற்காக எழுநூறு பேர் எங்கள் கந்தோருக்கு வந்தார்கள். டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்த துண்டு, பள்ளிக்கூடத்தில் சேர்த்த கடிதம், சத்தியக் கடதாசி என்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார்கள். எங்களிடம் ஸ்கேன் இயந்திரம் இல்லை. எஹலியகொடையில் ஸப்ரி முதலாளியின் மாடிக்கடைக்குக் கொண்டுபோய்ப் படமெடுத்து, டிஸ்கெட் டிஸ்கெட்டாகச் சுமந்து வந்து கணினியில் ஏற்றினேன்.

ஏற்றி முடித்துக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தால், வாங்க மாட்டேன் என்றார்கள். லயத்துக் கூரை ஒழுகுமாம், கந்தோர்க் கூரை ஒழுகாதாம், அங்கேயே இருக்கட்டுமாம். அரசாங்கத்தை இப்படி நம்பிய மக்களை நீங்கள் வேறெங்காவது கண்டதுண்டா? நானும் பெருமையோடு வாங்கி அலமாரியில் அடுக்கினேன். பிரதியெடுத்த டிஸ்கெட்டுகளையும் அதே அலமாரியில் அடுக்கினேன். அலமாரி கணினிக்குப் பக்கத்தில். கணினி கீழ்த்தளத்தில். கந்தோர் ஆற்றங்கரையில். பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பாதுகாப்பு என்றால் பூட்டு என்று நினைத்த அறிவாளி நான். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள், பிறகு எனக்கு அழுகைதான் வந்தது.

இரண்டாயிரத்து மூன்று, மே மாதம். அந்த மழையை உங்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. ஊரே மூழ்கியது, உயிர்கள் போயின, மலை சரிந்து மண்ணோடு மக்கள் போனார்கள். அந்தத் துயரத்துக்கு முன்னால் மூழ்கிப்போன என் கணினி ஒரு பெரிய விஷயமா? இல்லை என்றுதான் நானும் நினைத்தேன், அந்த எழுநூறு பேரில் ஒருவரான வெள்ளையம்மா அக்கா வந்து நிற்கும் வரை.

அவருடைய மகள் ஷாமிளாவுக்கு ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை. பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. அன்று பிறப்பு அத்தாட்சி கையில் இல்லை என்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நான் சேற்றுக்குள் நின்று அலமாரியைத் திறந்து காட்டினேன். கடதாசிகள் கூழாகிக் கிடந்தன, டிஸ்கெட்டுகளில் சேறு வழிந்தது. எல்லாம் போய்விட்டது அக்கா, நான் என்ன செய்வேன் என்றேன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. நிதானமாகக் கேட்டார்:

"தம்பி, நாங்க பறிக்கிற கொழுந்தையே ரெண்டு தடவை நிறுக்கிறாங்க. மலையில ஒரு நிறை, பாக்டரி இஸ்டோர்ல ஒரு நிறை. மலையில எழுதுன பொத்தகம் நனைஞ்சாலும் இஸ்டோர் பொத்தகம் இருக்கும். எங்க புள்ளைங்க பொறந்ததை மட்டும் ஒரே எடத்துலயா எழுதி வச்சீங்க?"

படித்தவன் நான். கொழும்பிலே கணினி டிப்ளோமா வாங்கியவன் நான். அந்த யோசனை எனக்கு வரவில்லையே! தேயிலைக் கொழுந்துக்கு இருக்கும் மரியாதை தேயிலை பறிப்பவளின் பிள்ளைக்கு இல்லையா? எட்டு மணிநேரத்தில் வாடிப்போகும் இலைக்கு இரண்டு புத்தகம், எண்பது வருடம் வாழப்போகும் மனிதனுக்கு ஒரே ஒரு அலமாரியா?

அன்று மாலையே பஸ்ஸைப் பிடித்து ஸப்ரி முதலாளியின் கடைக்கு ஓடினேன். அவர் கணினியில் தங்கும் படங்களை அப்போதைக்கப்போதே அழித்துவிட வேண்டும் என்று நான்தான் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சட்டம் அப்படி. என்னைக் கண்டதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "சேர், கோவிச்சுக்கொள்ள வேணாம். மறந்துபோய் ஒண்டையும் நான் அழிக்கல்ல" என்றார். எழுநூறு பேரும் இருந்தார்கள்! மேசைக்குக் குறுக்கே எட்டி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதோ, மூன்றாவது வரிசையில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கைதட்டுங்கள்.

நேர்முகப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் ஷாமிளாவின் கைக்கு அத்தாட்சி வந்தது. இன்று அவர் நாலாம் வகுப்பு ஆசிரியை.

தட்டிவிட்டீர்களா? இப்போது கொஞ்சம் யோசியுங்கள். நம்மைக் காப்பாற்றியது எது? ஏற்பாடா? இல்லை, ஒரு மறதி. எழுநூறு தாய்மாரின் பெயரும் பிறந்த இடமும் ஒரு கடையில் கிடந்தன. ஸப்ரி நல்ல மனிதர். அந்தக் கணினியை விற்றிருந்தால், வாங்குபவனும் நல்லவன் என்று யார் சொல்வது? ஒரு நல்ல மனிதரின் மறதியை நம்பி ஒரு நாடு நடக்கலாமா? அதனால்தான் மனு எழுதினோம். தமிழில் எழுதினோம், சிங்களத்தில் எழுதினோம், பதில் வராதபோது மறுபடியும் எழுதினோம். வெள்ளம் ஏறாத மேட்டிலே இன்னொரு கணினி கேட்டோம், மின்சாரம் போனால் தாங்கும் பற்றரி கேட்டோம், தினமும் மாலையில் கீழே எழுதியதெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியே மேலே வந்து சேர வேண்டும் என்றோம். பொறுப்பானவர் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டும் கேட்டோம். மூன்று வருடம் கேட்டோம். இதோ, உங்கள் கண்முன்னே நிற்கிறது.

நாடாவை வெட்டியது இன்றுதான். ஆனால் உண்மையான திறப்புவிழா போன செவ்வாய்க்கிழமையே நடந்துவிட்டது. பயிற்சிக்காக, மேலதிகாரியின் அனுமதியோடு, கீழே இருக்கும் பெரிய கணினியை நானே நிறுத்தினேன். வெள்ளம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டோம். முதல் ஆளாக வந்தவர் கருப்பாயி அம்மா. தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மகனுடைய அத்தாட்சிக்கு இன்னொரு பிரதி கேட்டு வந்திருந்தார். சின்னக் கணினி ஒன்றில் அவர் மகனின் பெயரை அடித்தேன். கீழே செத்துக் கிடக்கும் கணினியைத் தாண்டி, கேள்வி மேட்டுக்குப் போனது, பதில் வந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் அத்தாட்சி அவர் கையில்.

அவர் அதை நாலாக மடித்தார். என்னைப் பாராட்டவில்லை, ஆச்சரியப்படவில்லை. பத்தரை பஸ் போயிருக்குமா தம்பி என்று மட்டும் கேட்டார். இல்லை அம்மா, நடந்தாலே பிடிக்கலாம் என்றேன். போய்விட்டார். அவசரமே இல்லாமல் நடந்து போனார். அரசாங்கத்தின் இயந்திரம் ஒன்று அன்று விழுந்து கிடந்தது அந்தத் தாய்க்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இனி எந்தத் தாய்க்கும் வரக்கூடாது!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பிழை செய்தவனுக்கும் மேடை தந்த தலைவிக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.