பஸ்ரியனின் நாக்கு

வீட்டில் பியர் காய்ச்சுகிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல தண்ணீர், தம்பி. பலர் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரொறன்ரோக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அதை எடுக்காமல் காய்ச்சினால் பியரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். அதனால் மல்வேர்னில் என் வீட்டு பேஸ்மென்றில் குழாயோடு ஒரு கரி வடிகட்டி பூட்டி வைத்திருக்கிறேன். வடித்த தண்ணீரில் சோதனை மருந்து சில சொட்டு விடுவேன். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இன்னும் கிடக்கிறது, அவ்வளவையும் வெளியே ஊற்றிவிடுவேன். நேற்று இவர்கள் எடுத்துக்கொண்டு போன போத்தல்களில் ஒரு கோதாரியும் அகப்படாது. நான் யாருக்கும் நஞ்சு வைக்கவில்லை. இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அதை முதலில் மொழிபெயர்த்துச் சொல்லும்.

பஸ்ரியனை எப்படித் தெரியும் என்று கேட்கிறார். என் மகளைக் கொன்றவன் என்ற முறையில்தான் தெரியும். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மார்கழியில், பார்க்டேலில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற என் றெஜினாவைக் குடிவெறியில் கார் ஓட்டிவந்து அடித்தான். எனக்கு அவள் ஒரே பிள்ளை. அவனுக்குக் கொஞ்சக் காலம் சிறை கொடுத்தார்கள். வெளியே வந்தபிறகு அவன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. கோயிலில் ஞாயிறு பூசையில் வேதாகம வாசகம் வாசிக்கவும் விட்டார்கள். திருந்திவிட்டான், பாவம் என்று சனம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனது. என் பிள்ளை மண்ணுக்குள் கிடக்க, இவனுக்கு நல்ல பெயர். அவன் குடித்துக்கொண்டே இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். திருந்தியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நானாக எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தேன். கோயிலே அழுதது. பூசை வைத்த சுவாமி இறங்கிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று விளங்கியது. எல்லோரும் அவனை மன்னித்தார்கள், ஆனால் ஒருவரும் அவனிடம் ஒரு அபிப்பிராயம் கேட்பதில்லை. நான் கேட்டேன். என் பியரில் ஏதோ பிழை, தண்ணீரை ஒருக்கால் வந்து பார்க்கிறீரா என்றேன். வந்தான். வெறும் தண்ணீரை ஒரு மிடறு வாயில் வைத்துவிட்டுத் துப்பினான்.

"அல்பேட் அண்ணை, இதில இன்னும் மருந்து வாடை கிடக்கு. கரியை மாத்த வேணும்."

சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சள்தான். "உமக்கிருக்கிற நாக்கு ஒருத்தருக்கும் இல்லையப்பா" என்றேன். அவன் முகம் மலர்ந்ததை நீர் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு சனியும் வந்தான். சில மாதம் தண்ணீர் மட்டும்தான். அதன்பிறகு புளிக்க வைத்ததை மணந்து பார்க்கச் சொன்னேன். பிறகு ஒரு கரண்டி, துப்பிவிட வேண்டும் என்று நானே சொன்னேன். நான் ஒருநாளும் குடி என்று சொன்னதில்லை. துப்பாமல் விழுங்கிய நாளில் அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் காணாததுபோல் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவன் மனைவி றீற்றா ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். "அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், அவரை இஞ்ச கூப்பிடாதேங்கோ" என்றாள்.

"தண்ணிதானே பிள்ளை பாக்கிறார்" என்றேன்.

அடுத்த கிழமை அவனுக்கும் ஒரு வடிகட்டியும் பீப்பாவும் வாங்கிக்கொண்டுபோய் நானே பூட்டிக்கொடுத்தேன். வாசகம் வாசிப்பது நின்றது. வேலை போனது. றீற்றா மொன்றியலில் தங்கையிடம் போய்விட்டாள். பழையபடி குடிகாரன் என்று சனம் பேசத் தொடங்கியது. எனக்கு நல்ல நித்திரை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகவே இருந்தேன்.

போன சனி மத்தியானத்திலிருந்து என் வீட்டில் குடித்தான். போக எழும்பியவனுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. "அண்ணை, திறப்பு எங்க?" என்று கேட்டான். கார்த் திறப்பு கதிரைக்குக் கீழே விழுந்து கிடந்தது. நான் குனிந்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஒரு கம்பத்திலோ மதிலிலோ அடித்துச் சாவான் என்றுதான் எண்ணினேன். அதற்காகத்தான் கொடுத்தேன். இதை அப்படியே எழுதலாம்.

அவன் சாகவில்லை. கை முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். தெருவைக் கடக்க நின்ற அட்சயா என்ற பிள்ளைதான் செத்தது. ஒன்பது வயது.

நேற்றுக் காலை செத்த வீட்டுக்குப் போனேன். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குத்தானே அந்த வேதனை தெரியும். தாய் சந்திரவதனா என் கையை விடவே இல்லை.

"உந்த மனிசன் குடியை விட்டிட்டார் எண்டெல்லோ சொன்னவை, அங்கிள்" என்று கேட்டாள். "ஆர் அவருக்குத் திரும்பவும் குடுத்தது? அவன் நல்லாயிருப்பானோ?"

அவள் அழுததைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடித்தது. அந்தப் பஸ்ரியனை நினைக்க நினைக்க அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, தம்பி.