நாலு விரக்கடை ஆழம்

மெதுவா, மெதுவா. தட்டாதீங்க தம்பி. தொட்டி உடைஞ்சா உடைஞ்சிட்டுப் போவுது, சத்தம் மட்டும் கேக்கக் கூடாது. உள்ள என் வீட்டுக்காரி கண்ணசந்திருக்கா. அவ எந்திரிக்கறதுக்குள்ள இது முடியணும்.

ஆமா, வேர் ஓட்டை வழியா வெளிய வந்து தரையைப் பிடிச்சிருக்கு. அவ ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா, ரப்பர் செடிக்கு இடம் பத்தல, பெரிய தொட்டிக்கு மாத்துங்கன்னு. நான்தான் பிடி கொடுக்கல. மாத்தினா பட்டுப் போயிரும்னு புளுகினேன்.

இன்னிக்கு என்ன திடீர் ஞானோதயம், நர்சரிக்குப் போன் போட்டு உங்களை வரச் சொல்லியிருக்கேன்னு கேக்குறீங்க. சொல்றேன். முதல்ல மண்ணை உதிர்த்துக்கிட்டே வாங்க. அந்தக் கதவுப் பக்கம். நாலு விரக்கடை ஆழம் இருக்கும். அங்க ஒரு சாவி இருக்கு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். இந்தக் கதவோட சாவி. வீட்டுல மூணு பேரு, சாவி ரெண்டு. ஒண்ணு அவ இடுப்புல, இன்னொண்ணு அப்போ இந்தத் தொட்டிக்கு அடியில. யார் முதல்ல வந்தாலும் தொட்டியைச் சாய்ச்சு எடுத்துக்க வேண்டியது.

மூணாவது ஆளா? பையன். ஒரே பையன்.

நான் மில்லுல டைம் கீப்பர். முப்பத்தொரு வருஷம். எட்டு மணிச் சங்கு ஊதினா கேட்டை மூடிருவேன், அப்புறம் முதலாளி மகனே வந்தாலும் வெளியதான். இவனையும் அங்கதான் சேர்த்து விட்டேன். மூணாவது வாரம் ஏழு நிமிஷம் லேட்டு. மூடிட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அப்பான்னான். டோக்கன் நம்பர் என்னன்னு கேட்டேன். சொந்தப் புள்ளைன்னும் பாக்கல பாருன்னு மில்லு முழுக்கப் பேசினாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்.

அதோட வேலையை விட்டுட்டான். என்கிட்ட பேச்சும் நின்னு போச்சு. வெளிய ரூம் எடுத்துத் தங்கிக்கிட்டு, நாங்க இல்லாத நேரமாப் பார்த்து வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போயிருவான். என் மூஞ்சியில முழிக்கக் கூடாதாம். சரிடா, கதவைத் தட்டு, என்கிட்ட கேளு, திறக்கிறேன்னு சாவியை மண்ணுல புதைச்சுட்டேன். அவகிட்ட தொலைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன்.

வந்தான் தம்பி, வராம இல்ல. அன்னிக்குன்னு பார்த்து நான் இவளைக் கண்ணு சோதிக்கக் கூட்டிட்டுப் போயிட்டேன். எதிர்வீட்டம்மா பார்த்திருக்காங்க. ரொம்ப நேரம் தட்டினானாம். தொட்டியைச் சாய்ச்சுப் பார்த்தானாம். தரையெல்லாம் தடவினானாம். அப்புறம் தொட்டியை நேரா வெச்சு, சிந்தின மண்ணைக் கையாலேயே கூட்டித் தள்ளிட்டுப் போயிட்டானாம்.

அது ஆச்சு ஆறு வருஷம். போன் போட்டா எடுக்க மாட்டான். இவ தினம் ஒரு சொம்புத் தண்ணி ஊத்துறா, உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே.

அப்பவே எடுத்திருக்கலாம்தான். எடுத்தா நான் ஒளிச்சு வெச்சது அவளுக்குத் தெரிஞ்சு போயிருமே. நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னே போயிருச்சு. அதுக்குள்ள வேர் சுத்திக்கிச்சு.

இருங்க. அதேதான். வேரை வெட்டாதீங்க, அப்படியே உருவுங்க. கொடுங்க இப்படி. துருப்பிடிச்சுப் போச்சு. பூட்டை நான் மாத்தவே இல்ல. இல்ல இல்ல, போட்டுப் பாக்க வேணாம்.

புதுத் தொட்டியை அதே இடத்துலயா? வேணாம், சுவரோரமாத் தள்ளி வெச்சிருங்க. வாசல்ல வழி வேணும். பையனை நாலு மணிக்குக் கொண்டாறாங்க. காலையில அவன்கூட வேலை பாக்குறவர் போன் பண்ணினாரு, தூக்கத்துலேயே போயிட்டானாம். உள்ள அவகிட்ட இன்னும் சொல்லல. முழிக்கட்டும்.

மண்ணை நானே கூட்டிக்கிறேன். நீங்க கிளம்பும்போது அந்த இன்னொரு கதவையும் திறந்து விட்டுட்டுப் போங்க. ஒத்தைக் கதவு பத்தாது, நாலு பேர் தூக்கிட்டு வரணும்ல. மேல்தாழ்ப்பாள் எனக்கு எட்டல.