காலிப் பெட்டி

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரிய பாக்கியம். இந்த விசாரணைக்கு வருவதற்குள் மேலகரத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன். தாமதத்துக்கு விசாரிக்க வந்த நீங்கள் மூன்று பேரும் மன்னிக்க வேண்டும்.

பழக்கடைக் குருவம்மாள் எப்படிச் செத்தாள் என்பதுதானே கேள்வி. சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் காந்திமதிநாதன். ஆஸ்பத்திரி நிர்வாகம் சொல்லிக்கொடுக்கிற கல்லூரிக்கு இயக்குநர். இருபத்தாறு வருஷமாக ஒரே பாடம்: எந்த மருந்து, எங்கே, எத்தனை, எப்போது. அதற்கு முன்னால் தென்காசி பஜாரில் அப்பாவின் பலசரக்கு மண்டியில் படித்தேன். அங்கே முதல் பாடம் முகம். ஒருவன் அவசரமாக வந்து ஏலக்காய் கேட்டால், உள்ளே மூட்டை மூட்டையாக இருந்தாலும், கண் இமைக்காமல் 'இல்லையே அண்ணாச்சி' என்று சொல்லத் தெரிய வேண்டும். எனக்குப் பத்து வயதிலேயே அது வந்துவிட்டது.

எங்கள் கல்லூரியை நடத்துகிற அறக்கட்டளைக்கு ஐந்து சிறிய ஆஸ்பத்திரிகள். ஐந்திலும் பாம்புக்கடி மருந்தை வாங்கி வைப்பார்கள், கெடு தாண்டும், குப்பையில் கொட்டுவார்கள். பார்க்கவே எரிச்சலாக இருக்கும். எல்லாவற்றையும் திரட்டித் தென்காசியில் ஒரே கிடங்கில் வைத்தேன். போன் வந்தால் இருபது நிமிடத்தில் வண்டி போய் நிற்கும். அதற்கு 'இருபது நிமிடத் திட்டம்' என்று பெயர். இது தேறியிருந்தால் துணைவேந்தர் பட்டியலில் என் பெயர்தான் முதலில்.

குற்றாலம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற சங்கரேஸ்வரி, திட்டத்தை நான் விளக்கிய அன்று நிறைந்த கூட்டத்தில் எழுந்தாள். "சார், சீசன்ல நாங்களே வீட்டுக்கு நடந்துதான் போறோம். உங்க வண்டி மட்டும் பறந்து வருமாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அறக்கட்டளைச் செயலாளர் குமரகுரு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒன்றரை வருஷம் ஆகிறது, ஒருநாள்கூட ஆறவில்லை.

அவள் கேட்டது சரிதான். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்றையும் விதிவிலக்கு என்று தள்ளிவிட்டுத்தான் வண்டி போகும் நேரத்துக்குச் சராசரி எடுத்திருந்தேன். மறைக்கவில்லை, அடிக்குறிப்பில் போட்டிருந்தேன். அடிக்குறிப்பைப் படிக்காத ஊர் என்றால் அதற்கு நானா பொறுப்பு?

போன ஜூலையில், ஒரு சனிக்கிழமை, திட்டத்தைப் பார்க்க டெல்லியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அருவி பார்க்க ஆசை, அதனால் குற்றாலத்திலேயே ஹோட்டல் கூடம். ஆஸ்பத்திரிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு தெரு. மேசையில் எங்கள் குளிர்ப்பெட்டியை வைத்தேன், உள்ளே பத்துக் குப்பி மருந்தோடு. வெறும் அட்டைப்பெட்டியை வைத்துப் படம் காட்டுகிற வாத்தியார் நான் இல்லை.

விருந்தாளிகளுக்கு மங்குஸ்தான் கொண்டுவந்தது குருவம்மாள்தான். அழுகலைத் தள்ளிவிட்டாயா என்று கேட்டேன்.

"உங்களுக்கா அழுகலைத் தருவேன்? உங்ககிட்ட வாய் குடுக்கதுன்னா ரெண்டு சுக்குக் காப்பி குடிச்சிட்டுல்லா வரணும் அண்ணாச்சி" என்றாள். வாய்க்காரி. எனக்குப் பிடித்திருந்தது.

பதினொன்று பத்துக்கு சங்கரேஸ்வரி போன் செய்தாள்.

"சார், நல்ல பாம்பு. பழக் கூடைக்கு அடியில கெடந்திருக்கு. காலைல உங்களுக்குப் பழம் கொண்டாந்தாள்லா, குருவம்மா, அவதான். கண்ணு சொருகுது."

"வண்டி கெளம்பியாச்சும்மா. இங்கன திரையில தெரியுது."

"மேலகரத்துல மாட்டிக்கிட்டுன்னு டிரைவர் சொல்லுதான். உங்க மேசைல ஒரு பெட்டி இருக்குல்லா சார், அதக் குடுங்க. நானே ஓடி வந்து வாங்கிக்கிடுதேன்."

கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த நால்வரும் திரையில் வண்டியைக் காட்டி ஊர்ந்த பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையிலிருந்து மருந்து போனால், வண்டி வராது என்று நானே என் கையால் காட்டினதாகும். அவள் கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு 'வராது' என்று அவளிடமே ஒப்புக்கொண்டதாகும்.

"அது காலிப் பெட்டிம்மா. சும்மா காட்சிக்கு வச்சது."

அவள் "சரி சார்" என்று வைத்துவிட்டாள். அதுவும் எனக்கு ஆத்திரம்தான். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் என்னை நம்பாதவள், இந்த ஒரு வார்த்தையை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? தெருவைத் தாண்டி வந்து பெட்டியைத் திறந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

பச்சைப் புள்ளி அசையவில்லை. திரையை மாற்றிப் போன வருஷத்து வரைபடத்தைக் காட்டினேன். ஒருவர் மங்குஸ்தானை எப்படி உடைப்பது என்று கேட்டார். உடைத்துக் கொடுத்தேன். எதிரே ஆஸ்பத்திரியில் சங்கரேஸ்வரி மூச்சுப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி குருவம்மாளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாளாம். பன்னிரண்டு ஐந்துக்கு உயிர் போயிற்று. வண்டி வந்தது பன்னிரண்டு இருபத்தைந்துக்கு.

மறுநாள் கிடங்குக்குத் திருப்பி அனுப்பப் பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, திறந்து பத்துக் குப்பியையும் பார்த்தவள் சங்கரேஸ்வரிதான். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். நேற்று அனுப்பிய வரைவு அறிக்கையைப் படித்தேன். நான்காம் பக்கத்தில் 'இயக்குநரின் அலட்சியத்தால்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு சாப்பாடு இறங்கவில்லை.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவன் அலட்சியக்காரன். எனக்குத் தெரியும், பத்துக் குப்பி. போனை வைத்ததும் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன், நான்கு டிகிரி, மருந்து நன்றாக இருந்தது. தெருவின் அகலம் தெரியும். கடிபட்டவள் யார் என்று தெரியும். எத்தனை நிமிடம் தாங்குவாள் என்பதும் தெரியும், அதை வகுப்பில் நடத்தியவன் நான்.

அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று போடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் என்னைக் கவனக்குறைவான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது.