யானை போர்டு

ராஜபாளையத்தில் கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு வனக் காவலரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் எழுதியிருந்த தாளை மனைவி வாசித்துக்கொண்டிருந்தார்.

"இதை வாசிச்சு முடிக்கதுக்குள்ள யானை வந்துரும்ங்க."

"செண்பகத்தோப்புக் காட்டுல வைக்க எச்சரிக்கை போர்டுக்கு எழுதுனது. நல்லாத்தானே இருக்கு?"

"மூங்கில் முறியுது, கொம்பன் வாரான், அம்புட்டும் நல்லாத்தான் இருக்கு. ஆளு என்ன செய்யணும்னு எங்க?"

"கடைசி வரியில. அதுவரைக்கும் இழுத்துப் பிடிக்கணும்ல?"

"கதைன்னா இழுங்க. போர்டு முன்னால நிக்கவன் உசுரோட வீடு போய்ச் சேர வேண்டாமா?"

காவலர் புதுத் தாளில் 'யானை வரும் பாதை, திரும்பிப் போகவும்' என்று மட்டும் எழுதினார். பழையதைக் கசக்கப் போனவரின் கையை மனைவி பிடித்துக்கொண்டார்.

"அதைக் கொடுங்க. அந்தக் கொம்பன் பொறவு என்ன செஞ்சான்னு நான் இன்னும் வாசிக்கல."