என் பாதிப் புல்வெளி

புல்லுக்குச் சாயங்காலம் தண்ணீர் விடுவதுதான் என் வழக்கம், இன்ஸ்பெக்டரம்மா. வெயில் தாழ்ந்த பிறகு விட்டால் ஒரு சொட்டும் வீணாகாது. இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை.

என் பெயர் மணிமேகலை, ஊர் இண்டூர். அதியமான்கோட்டையில் பைபாஸ் ஓரமாக இருக்கிற கல்யாண மண்டபத்தில் ஒன்பது வருஷமாகத் தோட்ட வேலை. மேடைக்கு முன்னால் உள்ள புல்வெளி முழுக்க என் கையால் வைத்த கொரியன் புல். வேறு புல் ஒரு இணுக்கு முளைத்தாலும் குத்தவைத்து உட்கார்ந்து வேரோடு பிடுங்கிவிடுவேன். என் புருஷன் செத்த மூன்றாம் நாளே வேலைக்கு வந்தவள் நான். புல் வாடிவிடும் அல்லவா.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில், புல்லில் வட்டவட்டமாகக் கருகல் விழுந்தது. பூஞ்சை நோய் என்றார்கள். அலங்காரம் செய்ய வருகிறவர்கள்தான் பூக்கூடையோடு கொண்டுவந்து விட்டார்கள் என்று முதலில் அவர்களைச் சந்தேகப்பட்டேன். அது தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

முதலாளி பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பூவிழியை வேலைக்கு எடுத்தார். தோட்டக்கலை படித்த பெண், இருபத்துநாலு வயசு. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இந்த மண்டபத்துக்கு ஏற்கெனவே வந்திருக்கிறேன் என்று அவளே பேச்சுவாக்கில் சொன்னாள். நோய் எப்படி வந்தது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

புல்வெளியில் பாதியை அவளிடம் கொடுத்தார்கள். நான் ஒன்பது வருஷமாகப் பிடுங்கி எறிந்த அருகம்புல்லை அவள் கொரியன் புல்லோடு கலந்து நட்டாள். காரணம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள்.

"ஒரே வகைப் புல்லுன்னா ஒண்ணுக்கு வந்த நோவு எல்லாத்துக்கும் ஓடிரும்ங்கக்கா. நடுவுல வேற வகை இருந்தா அங்கயே நின்னுரும். நீங்களும் காத்தால தண்ணி விடுங்க. ராத்திரி பூரா எலை ஈரமா இருக்கறதுதான் அதுக்குச் சோறு."

சரி கண்ணு என்றேன். நல்ல பெண்தான். தனக்கு டீ வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கி வருவாள். காரியம் இல்லாமல் யாரும் வாங்கித் தர மாட்டார்கள் என்பதால் அதைச் செடிக்கு ஊற்றிவிடுவேன்.

அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். என் பக்கம் வெட்டி முடித்த மெஷினைத் தன் பக்கம் கொண்டுபோகும் முன்பு பிளேடு வரைக்கும் கழுவுவாள். செருப்பையும் கழுவுவாள். மடியில் கனமில்லாதவள் எதற்கு அப்படிக் கழுவ வேண்டும்? என் பக்கத்துப் புல்லைக் கிள்ளிக் கவரில் போட்டு எடுத்துப் போனதையும் பார்த்தேன். சோதனைக்கு அனுப்பினாளாம்.

இந்த ஐப்பசியில் என் பாதியில் பதினேழு வட்டம். அவள் பாதியில் ஒன்றுகூட இல்லை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடக்கும், அப்போது என் பாதியையும் கிளறிக் கலப்புப் புல் வைத்துவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்குப் பந்தி ஹால் கழுவுகிற வேலையாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேடைக்குப் பின்னால் தரைக்கடியில் பத்தடி ஆழத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைச் சுற்றித்தான் பூவிழி சாக்கு விரித்துப் புது நாற்றுப் புல் வளர்த்துவந்தாள். மார்கழி முதல் தேதி விடிகாலையில் தொட்டியின் தகர மூடியை எடுத்துவிட்டு, வாய்மேல் மெல்லிய குச்சிகளை அடுக்கிச் சாக்கைப் போட்டு, அவளுடைய புல்லையே பெயர்த்து மேலே பரப்பினேன். நடுவில் மட்டும் என் பக்கத்திலிருந்து கருகல் விழுந்த புல் ஒரு கை வைத்தேன். நோய் கண்ட புல்லைப் பார்த்துவிட்டு அவளால் சும்மா போக முடியாது. அந்த ஒரு குணத்தை இன்றைக்கும் மதிக்கிறேன்.

ஆறு மணிக்கு வந்தாள். நேராக அங்கேதான் போனாள்.

தொட்டியில் இடுப்பளவுதான் தண்ணீர். நீச்சல் தெரியாத பூவிழிகூட அதில் சாக மாட்டாள்.

"அக்கா, காலு ஒடிஞ்சிருச்சு போலங்க. ஏணி எடுத்தாங்கக்கா," என்று கூப்பிட்டாள். கேட்டது. நான் மோட்டார் ரூமுக்குப் போய் போர் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்ப ஒன்றே கால் மணி நேரம் ஆகும். அதுவரை என் பக்கம் உட்கார்ந்து களை எடுத்தேன். மோட்டார் சத்தத்தில் வேறு எதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

பிறகு குச்சியையும் சாக்கையும் அப்புறப்படுத்தி, மூடியைச் சரித்துப் போட்டுவிட்டு, மேனேஜர் குருவை அழுதுகொண்டே கூப்பிட்டேன். கால் தவறி விழுந்துவிட்டாள் என்று உங்கள் ஆட்கள்தான் எழுதிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. சாவு விழுந்த இடமாயிற்றே என்று முதலாளியும் மேற்கொண்டு எதையும் கிளறாமல் விட்டுவிட்டார். என் பாதி எனக்கே இருக்கிறது.

இதையெல்லாம் நீங்கள் கேட்காமலே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று என் பாதியில் மறுபடியும் நாலு வட்டம் விழுந்திருக்கிறது. அவள் பாதி பச்சைப்பசேலென்று நிற்கிறது. செத்தவள் எழுந்து வந்து நோய் வைக்க மாட்டாள். அப்படியென்றால் அவளோடு இன்னொரு கூட்டாளி இருந்திருக்கவேண்டும். அவள் போன பிறகு அவள் பக்கத்துக்குக் காலையில் தண்ணீர் விடுகிறவன் குருதான். செருப்பைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கிறான். என் கண்ணால் பார்த்தேன்.

பூவிழியை நானே பார்த்துக்கொண்டேன், உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. எனக்கும் வயசாகிறது, எல்லோரையும் நானே பார்த்துக்கொள்ள முடியாது. நான் குரு மேல் புகார் கொடுக்கத்தான் வந்தேன், அம்மா.