போன் எடுக்கத்தான் எழுந்தேன்

ஹலோ... ஹலோ, நோரா அக்காவா?... ஆமாக்கா, டெஸ்மண்ட். பெங்களூர் டெஸ்மண்ட், இன்ஜினியர்... ஸ்தோத்திரம்க்கா, ஸ்தோத்திரம். கேக்குதா?... எனக்கு நல்லா கேக்குது. மலாவிக்குப் பேசற மாதிரியே இல்ல... இல்லக்கா, மெதுவாத்தான் பேச முடியும். சர்ச் பின்னாடி ரூம்ல இருக்கேன். குவயர் அங்கியெல்லாம் மாட்டி வைப்பாங்களே, அந்த ரூம். உள்பக்கம் தாப்பா போட்டிருக்கேன்... ஒன்னும் ஆகல. வெளிய எனக்குத்தான் வழியனுப்பு கூட்டம் நடக்குது... ஆமா ஆமா, பாட்டு கேக்குதா உங்களுக்கு? பிரேசர் டவுன் பூரா கேக்கும். பிரியாணி தம்ல இருக்கு. சால்வை வாங்கி வச்சிருக்காங்க. அம்மா கேஜிஎஃப்ல இருந்து மாரிக்குப்பம் ட்ரெயின்ல வந்து எறங்கிட்டாங்க, உங்களுக்கு ஊறுகாயோட...

அக்கா, அதான்... அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் வரலக்கா.

ஹலோ?... இருக்கீங்களா?... வரலன்னு சொன்னேன். நாளைக்கு ஃப்ளைட்ல நான் ஏறப் போறதில்ல... இல்ல, உடம்பு கல்லு மாதிரி இருக்கு... சுனிதா ஒன்னும் சொல்லல. என் பொண்டாட்டிதான் சூட்கேஸே அடுக்கினா... லீவா? அதுவும் கெடச்சிடுச்சு. ஷ்ரேயாஸ்னு என் மேனேஜர், அவன் ஒருத்தனாவது முடியாதுன்னு சொல்லுவான்னு மலை மாதிரி நம்பினேன். நல்ல காரியம், போயிட்டு வான்னுட்டான், பாவி.

நெஜத்தைச் சொல்லிடறேன். திட்டாதீங்க... கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நீங்க லீவுல வந்து எங்க சர்ச்ல பேசினீங்களே. எங்க மிஷன் ஆஸ்பத்திரியில மாடி எடுக்கறாங்க, கட்டடத்தைப் பாத்துச் சொல்ல ஒரு இன்ஜினியர் வேணும், யாரைக் கர்த்தர் அழைக்கிறாரோ எழுந்து நில்லுங்கன்னு... ஆமா, நான் எழுந்தேன். ஆனா அது அழைப்பு இல்லக்கா. அது ஆபீஸ் கால். போன் பாக்கெட்ல உதறிட்டே இருந்துச்சு, வெளிய போய் எடுக்கலாம்னு எழுந்தேன். எழுந்ததுதான் தாமதம், பாஸ்டர் அல்லேலூயான்னுட்டாரு. மொத்த சர்ச்சும் திரும்புது. அம்மா அழறாங்க. அப்புறம் எப்படிக்கா உக்கார்றது?

என்னது?... தெரியுமா?

தெரியுமாவா!... கையில போன் இருந்ததைப் பாத்தீங்களா... பாத்துட்டுத்தான் என் பேரை எழுதிக்கிட்டீங்களா? அக்கா, இது அநியாயம். அன்னிலேர்ந்து நான் ஒழுங்கா தூங்கல... வேற யாரும் எழுந்திருக்கல, சரி. அதுக்கு மாட்டினவன் தலையில கட்டிடறதா?

ஒரு நிமிஷம்க்கா... ஆ, மஞ்சுநாத்! ஒந்து நிமிஷா, பர்த்தினி!... மைக் செட்காரர்தான்க்கா, வரேன்னு சொன்னேன். என் பேரைக் கூப்பிடறாங்களாம்.

இல்லக்கா, நீங்க புரிஞ்சுக்கணும். நான் கட்டடம் கட்டறவன் இல்ல. வைட்ஃபீல்ட்ல ஏசியில உக்காந்துட்டு அமெரிக்காக்காரன் குடோன் எவ்ளோ வெயிட் தாங்கும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறவன். நான் கணக்குப் போட்ட பில்டிங் ஒன்னைக்கூட கண்ணால பாத்ததில்ல. ஹெல்மெட் மாட்டினது ஒரே தடவ, ஆபீஸ்ல ஃபோட்டோ எடுக்க. இதை யார்கிட்ட போய் சொல்றது? அம்மா சுரங்க லைன் வீடுங்க பூரா சொல்லி வச்சிருக்காங்க, எம்புள்ள ஆஸ்பத்திரி கட்டப் போறான்னு... தாழ்மை இல்லக்கா இது, பயம். நான் பாட்டுக்கு வந்து சரியா இருக்குன்னு சொல்லி, அது யார் தலையிலயாவது எறங்கினா? கம்ப்யூட்டர்ல தப்பு பண்ணா சிவப்பா காட்டும். அங்க என்ன காட்டும்?

...சரிங்கறீங்களா?

அவ்ளோதானா?... இல்ல, நீங்க கோவப்படுவீங்கன்னு நெனச்சேன்... எனக்காக ஜெபம் பண்றீங்களா. சரிக்கா... ரொம்ப தேங்க்ஸ்... பாஸ்டர்கிட்ட நீங்களே சொல்லிடறீங்களா? அப்பாடா... சரி, அப்ப வச்சிடறேன்...

அக்கா, வேற யாரை அனுப்புவாங்க?... யாரும் இல்லையா?... அப்ப மாடி?... நான் வரலன்னா நாளைக்கே காங்கிரீட் போட்டுடுவாங்களா? மேஸ்திரி எனக்காகத்தான் காத்துட்டு இருந்தாரா... ம்... செங்கல், சிமென்ட் எல்லாம் எங்க எறக்கியிருக்காங்க?... மேலயா? மொட்டை மாடி மேலயேவா?... கீழ என்ன இருக்குது?

பிரசவ வார்டா.

இல்ல, சும்மாதான் கேக்கறேன். சீலிங்ல எங்கயாவது விரிசல்... இருக்குதா. பூச்சுல இருந்தா பரவால்லக்கா, எங்க வீட்டுலயும் இருக்குது. பீம்ல இருக்கா? தூணுக்குத் தூண் குறுக்கால போகுமே, அதுல... அதுலதானா. நடுவுலயா, தூண் ஓரத்துலயா?... ஓரத்துல. நேரா எறங்குதா, சாஞ்சு போகுதா?... சாஞ்சு... எவ்ளோ இருக்கும், நகம் போகுமா?... கட்டில் மேல ஏறி பாக்கறீங்களா? எறங்குங்க. அக்கா, மொதல்ல எறங்குங்க.

அந்த வார்டு கதவு மூடுதா?... எப்ப இருந்து?... மழைக்கு மரம் ஊதியிருக்கும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா! முந்தாநாள் மூடின கதவு இன்னிக்கு இடிக்குதுன்னா மரம் ஊதலக்கா. மேல இருக்கறது கீழ வருது.

நான் சொல்றதைக் கேளு. எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ. இப்பவே... ஜெபம் வெளிய போய் பண்ணிக்கலாம்... டாக்டரைக் கேக்கணுமா? இன்னாக்கா நீ, கேஜிஎஃப்ல பொறந்துட்டு இப்படிப் பேசற? சுரங்கத்துல பாறை வெடிச்சு வீடு ஆடுச்சுன்னா நம்ம அம்மாங்க யாரைக் கேட்டாங்க? புள்ளைய இடுப்புல தூக்கிட்டு ரோட்டுக்கு வந்தாங்க இல்ல? அதைப் பண்ணு.

பாஸ்டர், ரெண்டு நிமிஷம்!... சால்வையை அம்மாவுக்கே போட்டுடுங்க பாஸ்டர்!

சொல்லுக்கா... வலி எடுத்தவங்களா? எந்தக் கட்டில்?... நடக்க வைக்காதே, கட்டிலோட தள்ளு. இடிக்கற கதவு வேணாம், அதைத் தட்டித் திறக்கக் கூடாது. வேற வழி இருக்கா?... அந்தப் பக்கம் போ. அந்த பீம் கீழ மட்டும் போகாதே... வேணாம் வேணாம், செங்கல்லை எறக்கறேன்னு ஒருத்தனும் மேல ஏறக் கூடாது, அவன் வெயிட்டும் சேந்துக்கும்... போனைக் கட் பண்ணாதே. கையிலயே வச்சுக்க.

...

அக்கா?

அது என்னா சத்தம்?... கட்டில் சக்கரமா. சரி... சரி, தள்ளு, பேசாதே...

...

எல்லாரும் வந்துட்டாங்களா? எண்ணினியா?... கொழந்தைங்க?... இன்னொரு தடவ எண்ணுக்கா, எனக்காக... ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்க்கா.

எனக்கு ஒன்னும் இல்ல. யாரோட அங்கி மேலயோ உக்காந்துட்டேன்.

விழல... இன்னும் அப்படியே நிக்குதா. நிக்கட்டும். நிக்குதேன்னு ஒருத்தரும் உள்ள போகக் கூடாது, போர்வை எடுக்கக்கூட... எது வரைக்குமா? யாராவது இன்ஜினியர் வந்து பாத்துச் சொல்ற வரைக்கும்...

ம்.

புரியுதுக்கா.

இன்னிக்கு எங்க படுப்பாங்க?... சாப்பல்ல எடம் பத்தாதா... தார்ப்பாய் கட்டிட்டா?... மழையா? இப்பவே ஆரம்பிச்சிடுச்சா? ஐயோ, பச்சை ஒடம்புக்காரங்கக்கா... அந்த மேஸ்திரி என்ன சொல்றாரு பக்கத்துல?... வெளிய அனுப்பின இன்ஜினியரே வந்து உள்ள அனுப்பட்டும்ங்கறாரா. நல்லாத்தான் கேக்கறாரு.

அக்கா, இவ்ளோ நேரம் நீங்க ஒரு தடவகூட வான்னு சொல்லல. சொல்லியிருந்தீங்கன்னா முடியாதுன்னு சொல்லிட்டு நிம்மதியா பிரியாணி சாப்பிடப் போயிருப்பேன்.

சரி, மேஸ்திரிகிட்ட சொல்லுங்க. முட்டு கொடுக்க மரம் வெட்டி வைக்கணும், நல்ல தொடை கனத்துல... எவ்ளோ உசரமா? தரையில இருந்து பீம் அடி வரைக்கும் அளந்து... வேணாம்! நிக்கச் சொல்லுங்க அவரை! ஒருத்தரும் உள்ள போய் அளக்கக் கூடாது. நீட்டாவே வெட்டி வைக்கட்டும். நான் வந்து அளந்துக்கறேன்.

...ஆமா, சொன்னேன். கேட்டுச்சு இல்ல, அப்புறம் என்ன மறுபடி கேக்கறீங்க?... அழாதீங்கக்கா, எனக்கும் வந்துடும். பயம் அப்படியேதான் இருக்குது, இம்மியும் கொறையல. அந்த பீம் கீழ இப்ப நான்தானே நிக்கணும்.

வரேம்மா!... அம்மாதான் கதவைத் தட்டறாங்க. உள்ள ஜெபத்துல இருக்கேன்னு நெனச்சுட்டு இருக்காங்க. இருக்கட்டும், அப்படியே நெனச்சுக்கட்டும்.

அக்கா, ஒன்னே ஒன்னு. அங்க ஹெல்மெட் இருக்குமா?... மேஸ்திரிகிட்ட?... அவருதும் துணித் தொப்பிதானா. சரி விடுங்க. ஆபீஸ்ல ஃபோட்டோவுக்கு மாட்டினது இருக்கு, காலைல வைட்ஃபீல்ட் போய் எடுத்துட்டு அப்படியே ஏர்போர்ட் வந்துடறேன். இன்னும் விலைச் சீட்டுகூட கிழிக்கல அதுல... ஹலோ?... அக்கா?... ஹலோ...