பதினேழாம் எண் இடத்தில் வெட்டப்பட்ட கேபிள்

அரிசோனா. 2025 ஏப்ரல் 14, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஷெரீப் அலுவலகத்தில் துணை அதிகாரி இபாரா முன்பாக நான் சொல்ல, அவர் எழுதிக்கொண்டது.

என் பெயர் மெர்ல் ஓடெகார்ட். வயது எழுபத்தொன்று. மனைவி இறந்துவிட்டார். வடக்கு டகோட்டாவில் முப்பத்தாறு வருடம் லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கடந்த ஆறு வருடமாகக் குளிர்காலம் முழுவதும் வீடு போல வசதி உள்ள வண்டிகளை வாடகைக்கு நிறுத்திக்கொள்ளும் காப்பர் வாஷ் வண்டிப் பூங்காவில், பதினெட்டாம் எண் இடத்தில் என் வீட்டு வண்டியை நிறுத்திக் குடியிருக்கிறேன். மேற்படி பூங்காவின் மேனேஜர் ராய்ஸ் டேக்கெட்டை ஆறு வருடமாகத் தெரியும். அவருக்கு வாடகை வசூலிக்கத் தெரியும். வேறு எதுவும் தெரிந்து நான் பார்த்ததில்லை.

சென்ற நவம்பர் மாதம் பதினேழாம் எண் இடத்துக்கு ஓக்லஹோமாவைச் சேர்ந்த கர்ட்டிஸ் பிளெவின்ஸ் என்பவரும் அவர் மனைவி நடீனும் நாற்பது அடி நீளப் புது வண்டியில் வந்து இறங்கினார்கள். பிளெவின்ஸ் முதலில் வெளியே எடுத்தது அறுபத்தைந்து அங்குல டிவியை. நடீனுக்கு நுரையீரல் நோய் உண்டு. பகலில் பாதி நேரம் ஆக்சிஜன் மெஷினின் குழாய் மூக்கில் இருக்கும். அந்த மெஷின் கரண்டில் ஓடுவது. பிளெவின்ஸ் தன் வண்டியின் கரண்ட் வயரைப் பூங்காவின் மின்கம்பத்தில் சொருகும்போது, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார். அது என்ன என்று கேட்டேன். சர்ஜ் புரொடெக்டர் என்றும், லாரிகள் நிற்கும் கடையில் வாங்கியது என்றும், இடி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். அரிசோனாக் குளிர்காலத்தில் இடிக்குப் பயந்து பெட்டி வாங்கிய ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

நடீன் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் அவர் தனியே வந்து விவரம் கேட்டார். நான் சொன்னது பின்வருமாறு. இந்தப் பூங்காக்களில் ஆளைக் கொல்வது இடி அல்ல, கம்பத்துப் பெட்டிக்குள் தளர்ந்து கிடக்கும் கம்பி. இரண்டு லைன் வருகிறது, ஒவ்வொன்றிலும் நூற்றிருபது வோல்ட். நடுவில் இருக்கும் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் ஒரு லைனில் வோல்டேஜ் ஏறும், மற்றதில் இறங்கும், ஏறின பக்கம் இருப்பதெல்லாம் எரியும். வெறும் சர்ஜ் பெட்டி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். ஏறினாலும் இறங்கினாலும் நியூட்ரல் போனாலும் கரண்டைத் தானே வெட்டிவிட்டு, எல்லாம் சரியானதும் இரண்டு நிமிடம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கிற பெட்டிதான் வேண்டும். ஐம்பது ஆம்பியர் வண்டிக்கு ஐம்பது ஆம்பியர் பெட்டி. இதை எல்லாம் அவர் ஒரு உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். புரியாத இடத்தில் திரும்பக் கேட்டார். பூங்காவில் அறுபது வண்டி இருக்கிறது, என்னிடம் இதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அதன் பிறகு அந்த வாரமே நானும் நடீனும் டவுனுக்குப் போய் அப்படி ஒரு பெட்டியை வாங்கினோம். அது வெளியே தொங்குகிற வகை என்பதால் திருடு போகும் என்று எச்சரித்தேன். போன வருடம் இரண்டு போயிருக்கிறது. ஆகவே பெட்டியின் கைப்பிடி வழியாக விரல் தடிமன் இரும்புக் கேபிளை நுழைத்து, கம்பத்தின் காலைச் சுற்றிக் கொண்டுவந்து, பூட்டுப் போட்டுக் கொடுத்தேன். சாவியை நடீன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிளெவின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பீர் குடித்தபடி, “நாய்க்குட்டிக்குச் சங்கிலி போடற மாதிரி இருக்கே, கரண்ட்டுக்காரரே. ராத்திரி குலைக்குமா?” என்று கேட்டார்.

மார்ச் கடைசியில் வெயில் ஏறி எல்லோரும் ஏசி போட ஆரம்பித்ததும் அந்தப் பெட்டி பிற்பகல்களில் கரண்டை வெட்டத் தொடங்கியது. ஒரு நாளைக்கு மூன்று முறை, நான்கு முறை. நான் என் மீட்டரை வைத்துப் பார்த்ததில் ஒரு லைனில் நூற்று முப்பத்தைந்து, மற்றதில் நூற்று மூன்று இருந்தது. நியூட்ரல் தளர்ந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. டேக்கெட்டின் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். அவர் கோல்ஃப் வண்டியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். மற்ற ஐம்பத்தொன்பது வண்டிக்கு இல்லாத கேடு அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் ஏன் என்று கேட்டார். மற்றவர்களிடம் அதைக் கண்டுபிடிக்கிற பெட்டி இல்லை என்று சொன்னேன். பதினான்காம் எண்ணில் மைக்ரோவேவ் கருகியதையும் சொன்னேன். விதைத் தோலைத் துப்பிவிட்டு, “பிடிக்கலேன்னா பாலைவனம் சும்மாதான் கிடக்கு மெர்ல். அங்கே போய் நிறுத்திக்கோ” என்றார்.

அதன் பிறகு நடீன், பெட்டி கரண்டை வெட்டும் ஒவ்வொரு முறையும் அதன் முகத்தில் வரும் வோல்டேஜ் எண்ணைப் போனில் படம் பிடித்து, துணி துவைக்கும் அறையில் மற்றப் பெண்களுக்குக் காட்டினார். பூங்கா உரிமையாளருக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னார். இது டேக்கெட் காதுக்குப் போயிற்று. பிளெவின்ஸுக்கும் மனைவி மேல் கோபம். ஆட்டம் பார்க்கும்போது டிவி அணைந்துவிடுகிறதாம். ஒரு நாள் என் முன்னாலேயே, “உன் மூச்சை நிறுத்தற பெட்டியை நீயே காசு குடுத்து வாங்கியிருக்கே” என்று நடீனைச் சொன்னார். அதற்கு நடீன், “ரெண்டு நிமிஷம் சிலிண்டர்ல மூச்சு விட்டுக்கறேன் கர்ட்டிஸ். நீதான் ரெண்டு நிமிஷம் டிவி இல்லாம இருக்க மாட்டேங்கறே” என்றார்.

ஏப்ரல் 10, வியாழக்கிழமை. வியாழன்தோறும் நடீன் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவது வழக்கம். அன்று மதியம் ஒன்றே முக்கால் மணி அளவில் டேக்கெட் என் வண்டிக்கு வந்தார். இரும்பு வெட்டும் கட்டர் இருக்கிறதா என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். பக்கத்து இடத்துப் பெட்டியைக் கழற்ற வேண்டும், பிளெவின்ஸே கேட்டுக்கொண்டார், சாவி மனைவியிடம் இருக்கிறது, தர மாட்டேன் என்கிறாள் என்றார். பிளெவின்ஸ் அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்.

இந்த இடத்தில் துணை அதிகாரி என்னை நிறுத்தி, கட்டர் இரவல் கொடுப்பது குற்றம் ஆகாது என்றும், நான் விரும்பினால் மேலோட்டமாகச் சொல்லிப் போகலாம் என்றும் சொன்னார். நான் நடந்தபடியே எழுதச் சொன்னேன்.

நான் என் கருவிப் பெட்டியைத் திறந்து, மூன்றடி நீளக் கட்டரை எடுத்து டேக்கெட் கையில் கொடுத்தேன். நடீனின் பெட்டியை எடுத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பே சொல்லியாயிற்று, இனி இந்த முட்டாள்களுக்குப் பாடம் கரண்டே நடத்தட்டும் என்று நினைத்தேன். நான் சொன்னது இவ்வளவுதான்: “டிவி எரியறதை நான் இங்கேயே உட்கார்ந்து பார்க்கறேன். நிதானமா வெட்டுங்க.” பிளெவின்ஸ் சிரித்தார். முட்டாள்கள் என்ற சொல்லை மாற்றாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

நான் போட்ட கேபிள் என்பதால் வெட்டுவதற்கு அவர்களுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. டேக்கெட்டுக்குக் கட்டரின் வாயை எந்தப் பக்கம் வைப்பது என்றே தெரியவில்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு பெட்டியைக் கழற்றி, கரண்ட் வயரை நேராகக் கம்பத்தில் சொருகினார்கள். டேக்கெட் பெட்டியைத் தன் கோல்ஃப் வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு போனார். பிளெவின்ஸ் கதவைப் பூட்டிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கோல்ஃப் ஆடப் போனார். கார் அவரிடம் இருக்கிறது என்றால் நடீன் எங்கே இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. முப்பத்தாறு வருடம் லைனில் ஏறுவதற்கு முன் கீழே ஆள் இருக்கிறதா என்று பார்த்தவன் நான். அன்று பார்க்கவில்லை. குளிர்ந்த தேநீர் ஊற்றிக்கொண்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் கம்பத்தின் பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பதினேழாம் எண் வண்டியின் ஏசி உறுமிவிட்டு நின்றது. உள்ளே டிவி இருக்கும் பக்கத்து ஜன்னலில் கறுப்புப் புகை தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. தேநீர்க் கோப்பை கையில் இருந்தது. அரை நிமிடம் இருக்கும். அதன் பிறகு வண்டிக்குள்ளிருந்து யாரோ சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, இடைவெளி விட்டுத் தட்டியது.

உடனே ஓடிப்போய்க் கம்பத்தின் பிரேக்கரை இறக்கினேன். கதவு பூட்டியிருந்தது. என் நாற்காலியால் கதவுக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுத் திறந்தேன். நடீன் கதவுக்கு இரண்டடி தூரத்தில் தரையில் கிடந்தார். அன்று காலை மூச்சு முட்டல் அதிகமாக இருந்ததால் டவுனுக்குப் போகாமல் படுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. குழாய் மூக்கில் இருந்தது, ஒரு பக்கம் உருகிக் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவரை இழுத்து வெளியே சரளைக் கல்லில் போட்டேன். டேக்கெட் தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். குழாய் பன்னிரண்டு அடி குறைவாக இருந்தது. தீயணைப்பு வண்டி வந்தபோது பிளெவின்ஸ் வண்டியின் பின்பாதி இல்லை.

டேக்கெட் தீயணைப்பு அதிகாரியிடம், அந்தம்மாள் வாங்கிய பெட்டிதான் பழுது, மெர்ல்தான் அதை வெட்டி எடுத்தார், கட்டர் அவருடையது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கட்டர் என்னுடையது. வெட்டியது அவர். பெட்டி நன்றாக வேலை செய்கிறது. கோல்ஃப் வண்டியிலிருந்து அதை எடுத்து, வெட்டுப்பட்ட கேபிளோடு இந்த அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். கம்பத்துப் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி கருகி விடுபட்டிருப்பதைத் தீயணைப்பு அதிகாரி படம் எடுத்திருக்கிறார். பிளெவின்ஸ் தன் மனைவி உள்ளே இருப்பதை அறிவார். அவரை நான் அதற்கு மேல் வர்ணிக்க விரும்பவில்லை.

நேற்று ஃபீனிக்ஸில் தீக்காயப் பிரிவுக்குப் போய் நடீனைப் பார்த்தேன். வலது கையும் முகத்தில் ஒரு பக்கமும் கட்டுப் போட்டிருந்தது. பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனாலும் கிட்டே வரச் சொல்லிக் கேட்டார்: “நான் தப்பான பெட்டியை வாங்கிட்டேனா, மெர்ல்?”

இல்லை என்றேன். சரியான பெட்டியைத்தான் வாங்கினீர்கள், யாரோ கழற்றிவிட்டார்கள் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்ததற்கு நன்றி சொன்னார். நான் ‘யாரோ’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டேக்கெட்டிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். பிளெவின்ஸிடம் உன் மனைவி எங்கே என்று கேட்டிருந்தாலும் நின்றிருக்கும். அவர்களுக்குப் புத்தி கிடையாது. எனக்கு இருந்தது.

இங்கிருந்து நேராக ஃபீனிக்ஸுக்குப் போகிறேன். இந்தத் தாள் அவர் கைக்குப் போவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

துணை அதிகாரி இதை எனக்குப் படித்துக் காட்டினார். இதில் என் வாயால் வராத சொல் எதுவும் இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. டேக்கெட்டைப் பற்றிய பகுதியை மட்டும் மென்மையாக்கலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். என்னைப் பற்றிய பகுதியையும் அப்படியே விடச் சொன்னேன். அனைத்தும் உண்மை என்று அறிந்தே கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மெர்ல் ஓடெகார்ட்
என் முன்னிலையில்: (ஒப்பம்) இபாரா, துணை அதிகாரி